சென்னை – லண்டன் விமானப் பயணம்: தூரமும் நேரமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்தில் சிறிய டிக்கெட் அலுவலகம் நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் லண்டனில் இருக்கும் மகளையோ மகனையோ பார்க்கப் போகும் பெற்றோர். டிக்கெட் விலையைக் கேட்ட கையோடு அவர்கள் கேட்பது “எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?” என்பதுதான். பதில் சொன்னதும் அதிலிருந்து நான்கு சந்தேகங்கள் முளைக்கும். பல வருடங்களாகத் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கிலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து லண்டன் எத்தனை கிலோமீட்டர்? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

சுமார் 8,230 கிலோமீட்டர். மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து ஹீத்ரோ விமான நிலையம் வரைக்குமான மிகக் குறுகிய தூரம் இது. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர் என்பதால், உலகத்தை ஐந்தில் ஒரு பங்கு சுற்றிவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நேராகப் போனால் எத்தனை மணி நேரம்?

எங்கும் இறங்காத விமானத்தில் போகும்போது ஏறக்குறைய 11 மணி நேரம், திரும்பும்போது ஏறக்குறைய 10 மணி நேரம். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். அரை மணி முன்பின் ஆவது சகஜம்; அதற்கான காரணங்கள்தான் கீழே வரும் பாதிக் கேள்விகள்.

ஒரு இணையதளம் 5,115 என்கிறது, இன்னொன்று 4,445 என்கிறது. நீங்கள் 8,230 என்கிறீர்கள். யாரை நம்புவது?

மூவரையும் நம்பலாம். முதலாவது சாதாரண மைல் கணக்கு, இரண்டாவது கடல் மைல் கணக்கு, என்னுடையது கிலோமீட்டர். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். கப்பல்காரர்களிடமிருந்து விமானிகளுக்கு வந்த அளவு இது. அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு கடல் மைல். வரைபடத்தில் அளக்க வசதியாக இருப்பதால் இன்றுவரை அதை யாரும் கைவிடவில்லை.

பத்து, இருபது கிலோமீட்டர் வித்தியாசம் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம். ஒருவர் நகரத்தின் நடுவிலிருந்து அளந்திருப்பார், இன்னொருவர் ஓடுபாதையிலிருந்து அளந்திருப்பார். ஹீத்ரோ லண்டனின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

டிக்கெட்டில் காலை 5:30க்குக் கிளம்பி 11 மணிக்கு இறங்குகிறது என்று போட்டிருக்கிறதே! அப்படியானால் ஐந்தரை மணி நேரம்தானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் தனியாகப் பலகை எழுதி மாட்டலாமா என்று யோசித்ததுண்டு. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படி இருக்கும்; இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். உலகத்தில் எந்த விமான டிக்கெட்டானாலும் இதுதான் வழக்கம்.

குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். லண்டனில் காலை 11 என்றால் சென்னையில் மாலை 4:30. காலை 5:30 முதல் மாலை 4:30 வரை எண்ணுங்கள், 11 மணி நேரம் வரும். திரும்பும்போது கணக்கு எதிர்ப்பக்கம் ஏமாற்றும். லண்டனில் பகல் 1 மணிக்குக் கிளம்பி சென்னையில் மறுநாள் அதிகாலை 4:15க்கு இறங்கினால், பார்வைக்குப் பதினைந்தேகால் மணி நேரம். ஐந்தரையைக் கழித்தால் ஒன்பதே முக்கால்தான். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறியும் 1 என்ற எண்ணும் இருந்தால் மறுநாள் என்று பொருள். அதைக் கவனிக்காமல் ஒரு நாள் முன்னதாகவே விமான நிலையத்துக்கு வண்டி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள்.

போன வருடம் நான்கரை மணி வித்தியாசம் என்றார்கள். இப்போது ஐந்தரை என்கிறீர்களே?

இரண்டும் சரி. பிரிட்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திவிடுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று பழைய இடத்துக்குக் கொண்டுவருவார்கள். ஆகவே கோடையில் வித்தியாசம் நான்கரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி. நம் கடிகாரம் வருடம் முழுவதும் அசையாது.

இதில் நானே ஒருமுறை சறுக்கினேன். ஒரு மார்ச் கடைசியில் விமானம் தாமதமாகக் கிளம்பியது. டிக்கெட்டில் இருந்த நேரம் இனி உதவாது என்று நானே கணக்குப் போட்டு, லண்டனில் காத்திருந்த மகனுக்கு இறங்கும் நேரத்தைத் தெரிவித்தேன். கழித்தது ஐந்தரை. அதற்கு முந்தைய நாள்தான் அங்கே கடிகாரத்தை மாற்றியிருந்தார்கள். பாவம், அந்தப் பையன் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து கார் நிறுத்தக் கட்டணம் கட்டிக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து மேசைக் காலண்டரில் இரண்டு ஞாயிறுகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டு வைக்கிறேன்.

அது என்ன ஐந்தரை? முழு மணியாக இருந்தால் கணக்குப் போடச் சுலபமாக இருக்குமே!

பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதை நான்கால் பெருக்கினால் 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரம்.

சென்னை 80 பாகையைச் சற்றுத் தாண்டி இருப்பதால், சூரியனை மட்டும் கேட்டால் லண்டனுக்கும் நமக்கும் 5 மணி 21 நிமிடம்தான். 1906இல் இந்தியாவுக்குப் பொதுவான நேரம் வருவதற்கு முன் ரயில்வேக்காரர்கள் இந்தக் கணக்கில்தான் வண்டி ஓட்டினார்கள். ‘மதராஸ் நேரம்’ என்றே அதற்குப் பெயர். நுங்கம்பாக்கத்து வானியல் கூடத்தின் தீர்க்கரேகையே அதற்கு அடிப்படை.

டிக்கெட்டில் ‘எம்.ஏ.ஏ.’ என்று இருக்கிறது. சென்னைக்குத்தானே போட்டிருக்கிறீர்கள்?

சென்னைக்குத்தான். மதராஸ் என்ற பெயர் இருந்த காலத்தில் கொடுத்த குறியீடு. ஊர்ப் பெயர் மாறியும் அது மாறவில்லை. லண்டன் பக்கம்தான் கவனம் தேவை. ‘எல்.எச்.ஆர்.’ என்றால் ஹீத்ரோ. கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் ஆகியவையும் லண்டன் விமான நிலையங்கள்தான். வேறு ஊர் வழியாகப் போகும் மலிவு டிக்கெட் சிலவற்றில் ஒரு நிலையத்தில் இறங்கி இன்னொன்றுக்குச் சாலை வழியாகப் போக வேண்டியிருக்கும். பெட்டிகளோடு முதியவர்கள் செய்கிற காரியமில்லை அது.

விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகிறது என்கிறார்கள். 8,230ஐ 900ஆல் வகுத்தால் 9 மணி 9 நிமிடம். மீதி இரண்டு மணி நேரம் எங்கே போகிறது?

கணக்கு வாத்தியார் ஒருவர் கேட்ட கேள்வி இது. மூன்று இடங்களில் போகிறது. முதலாவது, டிக்கெட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் அல்ல. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து, அங்கே போய் நிறுத்துமிடத்தில் நிற்கும் கணம் வரை எண்ணுகிறார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பின் மறுபடி ஊர்வது எல்லாம் அதில் அடக்கம். ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் 900இல் பறப்பதும் இல்லை. ஹீத்ரோவுக்கு மேலே நெரிசல் என்றால், நகரத்தைச் சுற்றியுள்ள நான்கு காத்திருப்பு வட்டங்களில் ஒன்றில் சுற்ற வைப்பார்கள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவர்கள் “அதே ஏரியை மூன்று தடவை பார்த்தேன்” என்பார்கள்.

இரண்டாவது, 8,230 என்பது நூல் பிடித்த தூரம்; விமானம் அந்த நூலின் மேலேயே போவதில்லை. மூன்றாவது, காற்று. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

உலக வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். நேர்கோடு அரபிக்கடல், ஈராக், சிரியா வழியாகப் போகிறது. நீங்கள் சொல்லும் குறுகிய வழி அதுதானே?

இல்லை. சுவரில் மாட்டும் வரைபடம் உருண்டையை இழுத்துத் தட்டையாக்கியது. அதில் நேராகத் தெரியும் கோடு பூமியின் மேல் நேர் இல்லை. நீங்கள் பிடித்த கோட்டின் நீளம் கிட்டத்தட்ட 8,480 கிலோமீட்டர். அதாவது 250 கிலோமீட்டர் சுற்று.

என் மேசையில் 30 செண்டிமீட்டர் விட்டமுள்ள உலக உருண்டை ஒன்று இருக்கிறது. பக்கத்தில் பூக்கட்டும் நூல் ஒரு கண்டு. சென்னை மேல் ஒரு முனையை விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை லண்டனில் வைத்து நூலை இறுக்கிப் பிடித்தால், தளர்ந்திருந்த நூல் தானாகவே வடக்கே நகர்ந்து ஓரிடத்தில் போய் நிற்கும். மகாராஷ்டிரம், குஜராத், பாகிஸ்தான், கிழக்கு ஈரான், காஸ்பியன் கடல், காக்கசஸ் மலைகள், உக்ரைன், ஜெர்மனி என்று அதன் வழி ஓடும். அளந்தால் 19 செண்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். எத்தனை முறை வாயால் விளக்கியும் புரியாதவர்கள் இந்த நூலைத் தாங்களே ஒருமுறை இழுத்ததும் “அட!” என்று விடுகிறார்கள்.

அப்படியானால் விமானம் அந்த நூல் வழியாகவே போகலாமே?

வானத்திலும் எல்லைகள் இருக்கின்றன. நூல் போகும் நாடுகளின் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. அதற்கு மறுநாள் பிரிட்டன் விமானங்களுக்கு ரஷ்யா தன் வானத்தை அடைத்தது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குக் கதவை மூடியது. இந்தியாவும் அதேபோல் செய்தது. 2025 ஜூன் மாதம் இஸ்ரேல், ஈரான் மோதலின்போது ஈரான், ஈராக் வான்வெளிகள் ஒரே நாளில் காலியாயின.

ஒவ்வொரு கதவு மூடும்போதும் விமானம் சில நூறு கிலோமீட்டர் வளைந்து போகிறது. சில சமயம் வளைகுடா, ஈராக், துருக்கி, கருங்கடல் வழி. சில சமயம் மத்திய ஆசியா வழி. எந்தக் கொடி தாங்கிய விமானம் என்பதைப் பொறுத்தும் வழி மாறும். முந்தைய கேள்வியில் அளவுகோல் வைத்து ஏமாந்தவரின் கோட்டுக்கு அருகிலேயே இன்றைக்குப் பல விமானங்கள் பறக்க வேண்டியிருக்கிறது. அவரிடம் இதைச் சொன்னபோது மிகவும் சந்தோஷப்பட்டார்.

போவதற்கும் வருவதற்கும் அதே தூரம்தானே? ஏன் திரும்பும்போது மட்டும் சீக்கிரம் வந்துவிடுகிறது?

காற்றுதான். ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்றோட்டம் என்ற ஆறு ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் சில இடங்களில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். லண்டனுக்குப் போகும்போது அதை எதிர்த்து நீந்துகிறோம்; வரும்போது அது நம்மைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

சிறிய கணக்கு. உண்மையில் பறக்கும் வழி 8,700 கிலோமீட்டர், விமானத்தின் வேகம் 900, வழி முழுவதும் சராசரியாக 60 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்றில் தரை வேகம் 840. ஆகும் நேரம் 10 மணி 21 நிமிடம். பின்காற்றில் 960, ஆகும் நேரம் 9 மணி 4 நிமிடம். ஊர்வதற்கும் காத்திருப்பதற்கும் இரண்டு பக்கமும் அரை மணிக்கு மேல் சேர்த்தால், முதலில் சொன்ன 11க்கும் 10க்கும் அருகில் வந்துவிடும். இருக்கைக்கு எதிரே உள்ள திரையில் தரை வேகமும் காற்றின் வேகமும் ஓடிக்கொண்டே இருக்கும். தூக்கம் வராதவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

காற்று எவ்வளவு உதவும் என்பதற்கு 2020 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்வார்கள். புயல் வீசிய அந்த இரவில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம் 4 மணி 56 நிமிடத்தில் இறங்கியது. சாதாரணமாக ஆறு, ஏழு மணி நேரம் ஆகிற பயணம்.

காற்றெல்லாம் இல்லை, பூமி சுழல்வதுதான் காரணம் என்று என் மருமகன் சொல்கிறான். அப்படிப் பார்த்தால் மேலே போய்ச் சும்மா நின்றாலே லண்டன் நமக்குக் கீழே வந்துவிடாதா?

வராது. சென்னையின் தரை மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அதனோடு சேர்ந்து காற்றும் ஓடுகிறது, ஓடுபாதையில் நிற்கும் விமானமும் ஓடுகிறது. மேலே எழும்பினாலும் அந்த ஓட்டம் நம்மோடு வரும். ஓடும் ரயிலில் எலுமிச்சம்பழத்தைத் தூக்கிப் போட்டால் அது பின்பெட்டிக்குப் போய் விழுவதில்லை அல்லவா?

ஆனால் மருமகனை முற்றிலும் தள்ளிவிட வேண்டாம். மேற்கிலிருந்து அந்தக் காற்று வீசுவதற்கே பூமியின் சுழற்சிதான் காரணம். நடுக்கோட்டுப் பக்கம் சூடாகி மேலெழும் காற்று துருவத்தை நோக்கி நகரும்போது, சுழற்சி அதைக் கிழக்குப் பக்கம் திருப்பிவிடுகிறது. சுழற்சி காற்றை உண்டாக்குகிறது, காற்று விமானத்தைத் தள்ளுகிறது. மருமகன் ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிட்டான், அவ்வளவுதான்.

மேலே 12 கிலோமீட்டர் உயரத்தில் போகும்போது வட்டம் பெரிதாகிவிடுமே, தூரம் கூடாதா?

கூடும், மொத்தப் பயணத்துக்கும் சேர்த்துப் பதினைந்து கிலோமீட்டர் அளவு. பறக்கும் வேகத்தில் ஒரு நிமிடம். என் மேசை உருண்டையில் 12 கிலோமீட்டர் உயரம் என்பது கால் மில்லிமீட்டர்தான். நூலின் தடிமன்கூட அதைவிட அதிகம்.

துபாய் வழியாகப் போனால் மலிவு. ஆனால் ரொம்பச் சுற்று இல்லையா?

தூரத்தில் சுற்று இல்லை. சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,930, அங்கிருந்து லண்டன் சுமார் 5,500, கூட்டினால் 8,430. நேர்வழியைவிட 200 கிலோமீட்டர்தான் அதிகம். தோஹா வழி 8,530, டெல்லி வழி 8,490. மும்பை வழி இன்னும் வேடிக்கை. 8,250க்குள் முடிந்துவிடும்; நூல் கிட்டத்தட்ட மும்பையை உரசிக்கொண்டுதான் போகிறது. கொழும்பு வழிதான் நிஜமான சுற்று. முதலில் தெற்கே போய்விட்டுத் திரும்புவதால் 9,360 வரும்.

நேரம் போவது தூரத்தில் அல்ல, இடையில் உட்கார்ந்திருப்பதில். இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கி, நடுவில் இரண்டு மணி நேரம் காத்திருந்தால் மொத்தம் 14 மணியாகும். எட்டு மணி நேரம் காத்திருக்கும் டிக்கெட் மூவாயிரம் ரூபாய் குறைவு என்று ஆசைப்படுகிறவர்களிடம் நான் ஒன்றே கேட்பேன்: உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இளைஞர்கள் எப்படி வேண்டுமானாலும் போகட்டும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு நேர் விமானம் அல்லது இரண்டு, மூன்று மணி நேரக் காத்திருப்பு. அதற்கு மேல் நான் போட்டுக் கொடுப்பதில்லை.

இவ்வளவு தூரம் ஒரே மூச்சில் பறக்க எரிபொருள் போதுமா? பயமாக இருக்கிறது.

போதும், மிச்சமும் இருக்கும். இந்த வழியில் பறக்கும் போயிங் 787 போன்ற விமானங்கள் 13,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்கக் கூடியவை. மணிக்கு ஐந்து டன் அளவில் எரிபொருள் செலவாகும். லண்டனில் இறங்க முடியாவிட்டால் இன்னொரு நிலையத்துக்குப் போவதற்கும், அதன் மேலும் அரை மணி நேரம் சுற்றுவதற்கும் வேண்டிய எரிபொருளை நிரப்பிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும் என்பது விதி.

காலையில் கிளம்பினேன், பதினொரு மணி நேரம் கழித்தும் காலையாகவே இருந்தது. எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதா?

ஒன்றும் ஆகவில்லை. சூரியனும் மேற்கே போகிறது, நீங்களும் மேற்கே போகிறீர்கள். உங்கள் பயணம் 11 மணி நேரம், கடிகாரம் நகர்ந்ததோ ஐந்தரை மணி நேரம்; ஆகவே சூரியன் பாதி வேகத்தில் ஊர்ந்தது போலத் தெரிந்தது. திரும்பும்போது நேர்மாறு. பகல் 1 மணிக்கு ஏறினால், சாப்பிட்டுக் கை துடைப்பதற்குள் இருட்டிவிடும்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஜன்னலைப் பார்த்து நேரம் கணிக்க வேண்டாம். கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டுவிட்டு மணியை எண்ணுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விமானம் ராகு காலத்தில் கிளம்புகிறதே, வேறு நாள் பார்க்கலாமா?

அதிகாலை 5:30 விமானத்துக்கு இந்தக் கவலையே வேண்டாம். ஏழு நாட்களில் மிகச் சீக்கிரமாக வரும் ராகு காலமே திங்கட்கிழமை காலை 7:30க்குத்தான். வேறு நேரம் என்றால், எந்தக் கணத்தைக் ‘கிளம்புவது’ என்று எடுப்பீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். மேலே கணக்கு வாத்தியாருக்குச் சொன்னபடி, டிக்கெட்டில் இருப்பது நிறுத்துமிடத்தை விட்டு நகரும் நேரம். சக்கரம் தரையை விடுவது அதற்கு இருபது நிமிடம் கழித்து. என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் வீட்டு வாசலைத் தாண்டும் நேரத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். அது அவர்கள் கையில் இருப்பதால் எனக்கும் நிம்மதி.

தாமதமானால் பணம் கிடைக்கும் என்கிறார்களே, அதற்கும் தூரத்துக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. பிரிட்டன் சட்டப்படி இழப்பீடு தூரத்தைப் பொறுத்தது. அந்தத் தூரத்தை நூல் பிடித்த கணக்கில்தான் அளக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 3,500 கிலோமீட்டருக்கு மேல் என்றால் மிக உயர்ந்த படி. நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் ஒருவருக்கு 520 பவுண்டு; மூன்று மணி நேரத்துக்கு மேல், நான்குக்குள் என்றால் 260. மோசமான வானிலை, வான்வெளி மூடல் போல நிறுவனத்தின் கையை மீறிய காரணமாக இருந்தால் கிடையாது.

இதில் இரண்டு நுணுக்கங்கள். லண்டனிலிருந்து கிளம்பும் பயணம் என்றால் எந்த நாட்டு விமானமானாலும் இந்தச் சட்டம் பொருந்தும். துபாயில் மாறிச் சென்னைக்கு வந்தாலும் கடைசி ஊர் வரைக்கும் சேர்த்துத்தான் கணக்கு. சென்னையிலிருந்து லண்டன் போகும்போதோ பிரிட்டன் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவன விமானமாக இருந்தால் மட்டுமே பொருந்தும். இன்னொன்று, வந்து சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அல்ல. கதவு திறந்த நேரம். மூன்று மணிக்குப் பக்கத்தில் தாமதம் நிற்கும்போது அந்தப் பத்து நிமிடம் 260 பவுண்டு பெறும். கதவு திறக்கும்போது கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் பேரன் பிறந்திருக்கிறான். ஜாதகம் எழுத நம் நேரமா, அவர்கள் நேரமா?

டிக்கெட் கடையில் கேட்கும் கேள்வியா என்று சிரிக்க வேண்டாம், மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். பிறந்த ஊரின் நேரமும் இடமும்தான் ஜோதிடருக்கு வேண்டும். ஆனால் கோடையில் பிறந்த குழந்தை என்றால், மருத்துவமனைக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் லக்னமே மாறிவிடலாம்.

அந்தக் காலத்தில் எத்தனை நாள் ஆகும்?

கணிதமேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பல் ஏறி ஏப்ரல் 14 அன்று லண்டனில் இறங்கினார். இருபத்தெட்டு நாள். விமானம் வந்த பிறகு முதலில் பறந்தவை கடிதங்கள். லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே 1929இல் விமானச் சேவை தொடங்கியது. ஒரு வாரம் ஆகும், நடுவில் கொஞ்சம் ரயிலும் உண்டு. அந்தத் தபாலைக் கராச்சியில் வாங்கி அகமதாபாத், பம்பாய், பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவர 1932 அக்டோபர் 15 அன்று டாடா நிறுவனம் விமானம் விட்டது. கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஓட்டி வந்தவர் ஜே.ஆர்.டி. டாடா. நூல் போகும் வழியைப் பாருங்கள். அந்தப் பழைய தபால் வழி அதிலிருந்து அதிகம் விலகவில்லை.

சரி, வீட்டு வாசலிலிருந்து மகள் வீட்டு வாசலுக்கு மொத்தம் எவ்வளவு?

தாம்பரத்திலிருந்து கிழக்கு லண்டனில் உள்ள ஈஸ்ட் ஹாமுக்கு என்று வைத்துக்கொள்வோம். 5:30 விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். வீட்டில் 1:30க்குக் கிளம்புவீர்கள். விமானத்தில் 11 மணி நேரம். ஹீத்ரோவில் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தானியங்கிக் கதவு கிடையாது. அதிகாரியைப் பார்க்கும் வரிசையில் ஒரு மணி நேரம் வையுங்கள், பெட்டி வர அரை மணி. அங்கிருந்து ரயிலிலோ காரிலோ ஈஸ்ட் ஹாம் போக ஒன்றரை மணி. மொத்தம் பதினெட்டு மணி நேரம்.

குளிர்காலமென்றால் மகள் வீட்டுக் கடிகாரத்தில் அப்போது பிற்பகல் 2 மணி ஆகியிருக்கும்; உங்கள் வயிற்றுக் கடிகாரத்தில் இரவு 7:30. ரசமும் சாதமும் போதும் என்று கிளம்பும்போதே மகளுக்குச் சொல்லிவிடுங்கள்.